ஸ்பிட்ஃபயர் காரின் பின் சஸ்பென்ஷன் - கம்பெனியின் சிக்கனமும் வீட்டு மெக்கானிக்கும்

இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் பலர் குளிர்காலத்தில் அதை ரோட்டில் இறக்குவதே இல்லை. பனி உறையாமல் இருக்க ரோட்டில் உப்பு போடுவார்கள். அந்த உப்பு இரும்பைத் தின்றுவிடும். அதனால் அந்த மாதங்களில் கார் வீட்டு கராஜில் நிற்கும், காரின் அடியில் அதன் சொந்தக்காரர் படுத்திருப்பார். கையில் ஒரு ஸ்பேனர், பக்கத்தில் ஒரு டார்ச், தலைமாட்டில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு வொர்க்‌ஷாப் மேனுவல்!

அப்படி வீட்டிலேயே பிரித்துச் சேர்க்கப்படும் கார்களில் 'ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர்' முக்கியமானது. 1962 முதல் 1980 வரை 3 லட்சத்துக்கும் மேல் தயாரான இரண்டு சீட் கார் இது. இதன் பின் சஸ்பென்ஷனைப் பிரித்தால் வெளியே வருகிற சாமான்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங், இரண்டு ஆக்சில், இரண்டு ஷாக் அப்சார்பர், இரண்டு ரேடியஸ் ஆர்ம், மற்றபடி கொஞ்சம் புஷ், பேரிங், போல்ட், நட்டு. அவ்வளவுதான்.

ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு இது போதுமா? போதாது என்றுதான் அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எழுதின. பிறகு ஏன் கம்பெனி இப்படிச் செய்தது? இதற்குப் பதில் இன்ஜினியரிங் புத்தகத்தைவிடக் கணக்குப் புத்தகத்தில்தான் அதிகம் கிடைக்கும்.

பாடி செய்து தர ஆள் இல்லை

கோவென்ட்ரி நகரத்தில் 'ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி' என்று ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடியும் சமயத்தில் நொடித்துக் கிடந்த ட்ரயம்ஃப் என்ற பெயரை அது விலைக்கு வாங்கியது. இன்ஜின், கியர் பாக்ஸ் எல்லாம் சொந்தத் தயாரிப்புதான். ஆனால் காரின் பாடியை 'ஃபிஷர் அண்ட் லட்லோ' என்ற வேறொரு கம்பெனிதான் செய்து கொடுத்தது.

1953-ல் ஃபிஷர் அண்ட் லட்லோவை 'பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்' வாங்கிவிட்டது. அதாவது ஆஸ்டின், மோரிஸ் கார்களைத் தயாரித்த நேரடிப் போட்டியாளர்! நம் கடைக்கு அரிசி கொடுக்கும் மண்டியை எதிர்க்கடைக்காரர் வாங்கிவிட்டால் எப்படி இருக்கும்? அதே நிலைதான். அடுத்த புதுக் காருக்கு யார் பாடி செய்து தருவார்கள் என்பது பெரிய கேள்வியாகிவிட்டது.

அந்த நேரத்தில் மற்ற கம்பெனிகள் தனிச் சேஸிஸ் இல்லாத, பாடியே எல்லாப் பாரத்தையும் தாங்கும் கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. அதற்குப் பெரிய பிரஸ் மெஷின்களும், பெரிய முதலீடும், முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்து தரும் ஆலையும் வேண்டும். ஸ்டாண்டர்டிடம் இவை இல்லை. எனவே அதன் தலைமை இன்ஜினியர் ஹாரி வெப்ஸ்டர் பழைய வழிக்கே திரும்பினார். தனியாக ஒரு சேஸிஸ், அதன் மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டுச் சேர்க்கும் பாடி. துண்டுகளை வெவ்வேறு இடங்களில் செய்துகொள்ளலாம் அல்லவா? இத்தாலியைச் சேர்ந்த ஜியோவன்னி மிக்கெலோட்டி அதற்கு அழகான உருவம் வரைந்து கொடுத்தார். 1959 ஏப்ரலில் 'ட்ரயம்ஃப் ஹெரால்ட்' வெளிவந்தது.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்புக் குழாய்க்குள் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாயும். ஹெரால்டில் நான்கு சக்கரங்களும் தனித்தனியாக ஏறி இறங்கும்! விளம்பரத்துக்கு இது நல்ல விஷயம். ஆனால் இதையும் குறைந்த செலவில் செய்ய வேண்டும். அதற்காக வெப்ஸ்டர் தேர்ந்தெடுத்ததுதான் 'ஸ்விங் ஆக்சில்'.

ஸ்விங் ஆக்சில் என்றால் என்ன?

எட்மண்ட் ரம்ப்ளர் என்ற ஆஸ்திரியர் 1903-லேயே பேட்டன்ட் வாங்கிய யோசனை இது. வோக்ஸ்வேகன் பீட்டிலில் இருந்தது. போர்ஷே 356-ல் இருந்தது. 1954-ல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரிலும் இருந்தது. ஆகவே இது மட்டமான சரக்கு என்று சொல்லிவிட முடியாது.

காரின் நடுவில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆக்சில் வெளியே போகும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு யுனிவர்சல் ஜாயின்ட், அதுவும் டிஃபரன்ஷியல் பக்கத்தில். சக்கரத்துப் பக்கம் ஜாயின்ட் கிடையாது. கதவு கீலில் ஆடுவதுபோல, சக்கரமும் ஆக்சிலும் ஒன்றாகச் சேர்ந்து மேலும் கீழும் ஆடும். டிஃபரன்ஷியலின் தலையில் பட்டை ஸ்பிரிங்கைக் குறுக்காக வைத்து ஆறு நட்டு போட்டு இறுக்கியிருப்பார்கள். அதன் இரண்டு முனைகளும் இரண்டு சக்கரங்களையும் பிடித்துக்கொள்ளும். அதாவது ஒரே ஸ்பிரிங், இரண்டு சக்கரங்களுக்கும். அந்த ஸ்பிரிங்தான் பாரத்தையும் தாங்குகிறது, சக்கரம் நிற்கும் கோணத்தையும் காக்கிறது. ஒரே சாமான் இரண்டு வேலை செய்தால் ஒரு சாமானின் செலவு மிச்சம்!

சிக்கல் எங்கே என்றால், ஆக்சில் கீழே இறங்கும்போது சக்கரமும் சேர்ந்து சாய்கிறது. ஹெரால்டை ஜாக்கி போட்டுத் தூக்கினால் பின் சக்கரங்களின் அடிப்பகுதி உள்ளே மடங்கிக்கொள்வதைப் பார்க்கலாம். நிற்கும் வண்டியில் இது ஒரு வேடிக்கைதான். ஆனால் ஒரு வளைவில் வேகமாகப் போகிறோம் என்று வையுங்கள். வளைவின் நடுவில் பயந்துபோய் டிரைவர் சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். பாரம் முன்னால் போகிறது, காரின் பின்பகுதி எழும்புகிறது. பாரம் தாங்கிக்கொண்டிருந்த வெளிப்பக்கச் சக்கரத்தின் அடி உள்ளே மடங்குகிறது. மடங்க மடங்க பின்பகுதி இன்னும் எழும்பும். டயரின் ஓரம் மட்டும்தான் ரோட்டைத் தொடும். அடுத்த நொடி வண்டியின் வால் சுழன்றுவிடும்.

எந்த டிரைவருக்கும் ஆபத்தான நேரத்தில் காலை எடுக்கத்தான் தோன்றும். இந்தக் காரில் அந்த இயல்பான செயலே ஆபத்தைப் பெரிதாக்கியது.

போர்வைக்குள் கிடந்த கார்

ஹெரால்ட் குடும்பக் கார். மெதுவாக ஓட்டுகிறவர்களுக்கு அது போதுமானது. ஆனால் அதன் சேஸிஸைச் சுருக்கி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்யும் திட்டமும் இருந்தது. அதற்கு 'பாம்' என்று ரகசியப் பெயர். மிக்கெலோட்டிதான் இதையும் வரைந்தார். அதற்குள் கம்பெனியிடம் பணம் தீர்ந்துவிட்டது. 1961-ல் லாரி தயாரிக்கும் 'லேலண்ட் மோட்டார்ஸ்' ஸ்டாண்டர்ட்-ட்ரயம்ஃபை வாங்கிக்கொண்டது. லேலண்ட் ஆட்கள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தபோது மூலையில் தூசுப் போர்வை மூடிக் கிடந்த அந்தக் காரைக் கண்டார்கள் என்பது ட்ரயம்ஃப் ரசிகர்கள் எல்லோரும் சொல்லும் கதை. 1962 அக்டோபரில் அது 'ஸ்பிட்ஃபயர்' என்ற பெயரில் வந்தது. 1147 சி.சி. இன்ஜின், 63 குதிரைத்திறன். பின் சஸ்பென்ஷன் அதே ஹெரால்டுடையது.

1966-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அதே உடம்பில் ஆறு சிலிண்டர் 2 லிட்டர் இன்ஜினை வைத்து 'ஜி.டி.6' என்று விற்றார்கள். வேகம் கூடியது. பின்னால் அப்போதும் அதே ஸ்விங் ஆக்சில்.

அந்த வருடம் இப்படி ஒரு காரை, முக்கியமாக அமெரிக்காவில், விற்பதற்கு நல்ல நேரம் இல்லை. 1965 கடைசியில் ரால்ஃப் நேடர் என்ற வழக்கறிஞர் கார் கம்பெனிகளின் பாதுகாப்பு அலட்சியம் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டிருந்தார். அதன் முதல் அத்தியாயமே ஸ்விங் ஆக்சில் வைத்த 'ஷெவர்லே கோர்வேர்' காரைப் பற்றியது. அடுத்த வருடமே அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கோர்வேர் மற்ற கார்களைவிட மோசமில்லை என்று 1972-ல் அமெரிக்க அரசின் ஆய்வு சொன்னது உண்மைதான். ஆனால் அதற்குள் ஸ்விங் ஆக்சில் என்றாலே மக்கள் பயப்படும்படி ஆகிவிட்டது.

இரண்டு வைத்தியங்கள்

ட்ரயம்ஃப் இன்ஜினியர்கள் இதற்கு இரண்டு வழிகள் கண்டுபிடித்தார்கள்.

முதல் வழி 1968-ல் ஜி.டி.6 மார்க் 2 காரில் வந்தது. கீழே ஒரு விஷ்போன் சேர்த்தார்கள். ஆக்சிலின் நடுவில் 'ரோட்டோஃப்ளெக்ஸ்' என்ற பெரிய ரப்பர் வளையத்தை வைத்தார்கள். இப்போது ஆக்சில் இரண்டு இடங்களில் மடங்கும், சக்கரம் நிமிர்ந்தே நிற்கும். இது முறையான வைத்தியம். ஆனால் சாமான்கள் அதிகம், செலவும் அதிகம். விலை குறைந்த ஸ்பிட்ஃபயருக்கு இது கடைசிவரை கிடைக்கவே இல்லை.

இரண்டாவது வழி 1970-ல் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 காரில் வந்தது. அதற்கு 'ஸ்விங் ஸ்பிரிங்' என்று பெயர். முன்பெல்லாம் பட்டைகள் எல்லாவற்றையும் டிஃபரன்ஷியலோடு சேர்த்து இறுக்கியிருந்தார்கள். இப்போது அடிப்பட்டையை மட்டும் இறுக்கிவிட்டு, மற்றப் பட்டைகளைத் தராசுக்கோல் மாதிரி நடுவில் ஆட விட்டார்கள். வளைவில் கார் சாயும்போது ஸ்பிரிங் அதை எதிர்த்துப் பின்பகுதியைத் தூக்குவது மிகவும் குறைந்தது. அந்தக் குறையை ஈடுகட்ட முன்னால் தடிமனான ஆன்ட்டி ரோல் பார் போட்டார்கள். மாற்றம் அவ்வளவுதான்! ஆக்சிலும் ஷாக் அப்சார்பரும் பழைய ஏற்பாட்டிலேயே இருந்தன.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். 1973-ல் ஜி.டி.6-லிருந்தும் அந்த ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டு ஸ்விங் ஸ்பிரிங்கையே போட்டார்கள். கிட்டத்தட்ட அதே பலன், குறைந்த செலவு. அதே வருடம் ஸ்பிட்ஃபயரின் ஆக்சில்களையும் கொஞ்சம் நீட்டி, பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தை 2 அங்குலம் கூட்டினார்கள். இதனாலும் கார் நன்றாக ஊன்றி நின்றது.

இவ்வளவு எளிய மாற்றம் 1962-லேயே வந்திருக்கக் கூடாதா என்று யாருக்கும் தோன்றும். எட்டு வருடம் அந்தச் செலவைக் கம்பெனி ஏற்கவில்லை. அதுவரை விற்ற கார்களில் அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டவர்கள் அவற்றை ஓட்டியவர்கள்தான். கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கில் இதற்குத் தனி வரி கிடையாது.

கராஜில் நடப்பது

சரி, மறுபடியும் கராஜுக்கு வருவோம்.

வேலை தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பே எல்லா போல்ட்களிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைப்பார்கள். பிறகு காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துவார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகவே கூடாது. பிரேக் ஹோஸையும் ஹேண்ட் பிரேக் கேபிளையும் கழற்ற வேண்டும். டிஃபரன்ஷியல் பக்கம் ஆக்சிலைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்களையும் எடுக்க வேண்டும். ஷாக் அப்சார்பரைக் கழற்றும் முன் சக்கரத்துப் பக்கம் ஒரு ஜாக்கி வைத்துத் தாங்க வேண்டும். ஏனென்றால் ஸ்பிரிங் சக்கரத்தை அதற்கு மேல் கீழே தள்ளாமல் பிடித்திருப்பது அந்த ஷாக் அப்சார்பர்தான். தாங்காமல் கழற்றினால் எல்லாம் ஒரே அடியாகக் கீழே வரும்.

ஸ்பிரிங்கின் முனையில் உள்ள போல்ட் பெரும்பாலும் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருவால் ஒட்டிப் போயிருக்கும். சுத்தியலுக்கு மசியாவிட்டால் ஆக்ஸா பிளேடால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஸ்பிரிங்கை டிஃபரன்ஷியலோடு இறுக்கும் நட்டுகளை எடுக்க சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தூக்கினால் ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்தால் கைக்கு எட்டிவிடும்.

கடினமான வேலை சக்கரத்தின் ஹப்பைக் கழற்றுவது. சரிவாகக் கடைந்த ஆக்சில் முனையில் அது பல வருடங்களாக இறுகிப் போயிருக்கும். சாதாரணப் புல்லர் வளைந்துவிடும். அதற்கென்றே தடிமனான ஒரு கருவி உண்டு. அதைப் போட்டு இறுக்கிக்கொண்டே போனால், வெடிச் சத்தத்தோடு திடீரென்று விடுபடும். அந்த வேலையை மட்டும் வெளியே கொடுத்துச் செய்துகொள்பவர்களும் உண்டு. உள்ளே இன்னொரு செலவு காத்திருக்கும். அங்குள்ள ஊசி பேரிங்கின் உருளைகள் நேராக ஆக்சிலின் மேலேயே ஓடுகின்றன. கிரீஸ் வறண்டு போயிருந்தால் பேரிங் ஆக்சிலையும் சேர்த்துத் தேய்த்துவிடும். அப்புறம் பேரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஆக்சிலையும் மாற்ற வேண்டியதுதான்.

சேர்க்கும்போது செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. கார் ஸ்டாண்டில் தூக்கியபடி இருக்கும்போதே ரப்பர் புஷ் போல்ட்களை முழுதாக இறுக்கிவிடுவது. அப்படிச் செய்தால் காரை இறக்கியதும் புஷ்கள் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். காரைத் தரையில் இறக்கி, அதன் பாரம் சக்கரத்தில் வந்த பிறகே கடைசி இறுக்கு. ரேடியஸ் ஆர்ம் பாடியோடு சேரும் இடத்தில் மெல்லிய தகடுகள் இருக்கும். சக்கரம் நேராகப் பார்க்கிறதா என்பதை அந்தத் தகடுகளைக் கூட்டிக் குறைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். பழைய தகடுகள் எந்தப் பக்கம் எத்தனை இருந்தன என்று குறித்து வைக்காதவர்கள் பிறகு வருத்தப்படுவார்கள்.

கம்பெனியின் சிக்கனம் வீட்டு மெக்கானிக்குக் கைகொடுப்பது இந்த வேலையில்தான். 1970-ல் கம்பெனி மாற்றியது ஸ்பிரிங்கையும் முன்னால் உள்ள ஒரு கம்பியையும்தான். அதனால் 1962 மாடல் காரிலும் அந்தப் புது ஸ்பிரிங்கை அப்படியே உட்கார வைக்கலாம். பழைய கார் வைத்திருக்கும் பலர் பிரிக்கும்போதே இதைச் செய்துவிடுகிறார்கள், கூடவே தடிமனான ஆன்ட்டி ரோல் பாரையும் போட்டு. கம்பெனி எட்டு வருடம் தள்ளிப்போட்ட வேலையை ஒருவர் தன் கராஜில் முடித்துவிடுகிறார்!

முறையான வைத்தியமான ரோட்டோஃப்ளெக்ஸ் வைத்த ஜி.டி.6 காரரின் கதை வேறு. அந்த ரப்பர் வளையம் வருடங்கள் போகப் போக வெடித்துவிடும். புதியதை இரும்புப் பட்டி போட்டு அழுத்திய நிலையில்தான் பொருத்த வேண்டும், பொருத்திய பிறகு பட்டியை வெட்டி எடுக்க வேண்டும். கூடுதல் புஷ்கள், துருப்பிடிக்கும் நீண்ட போல்ட்கள் என்று வேலை நீண்டுகொண்டே போகும். ரோட்டில் நன்றாக ஓடிய கார் கராஜில் அதிகம் படுத்துகிறது.

சென்னையிலும் ஒரு தீர்ப்பு

இந்தக் கதையில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னைக்கு வெளியே வண்டலூரில் 'ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா' தொழிற்சாலை இருந்தது. அங்கே 1961 முதல் ஹெரால்ட் தயாரானது. இந்தியாவுக்கென்றே நான்கு கதவு ஹெரால்டும் பிறகு வந்தது. பழைய படங்களில் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' காரைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். ஸ்பிட்ஃபயரின் அதே ஸ்விங் ஆக்சில், அதே குறுக்குப் பட்டை ஸ்பிரிங்.

இங்கே வேகமான வளைவுகளைவிட மேடுபள்ளங்கள்தான் அதிகம். இந்தியக் கார் சொந்தக்காரர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இந்த ஆக்சில் பிடிக்கவில்லை. 1972-ல் ஹெரால்டுக்குப் பதில் வந்த 'கெஸல்' காரில் கம்பெனி ஸ்விங் ஆக்சிலையே எடுத்துவிட்டது. இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகச் சேர்த்த பழைய வகை ஆக்சிலுக்குத் திரும்பியது. கோவென்ட்ரியில் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினார்கள், வண்டலூரில் ஆக்சிலையே மாற்றிவிட்டார்கள்!

தேய்மானம்

காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தேய்மானம் என்றால் ஒவ்வொரு வருடமும் சொத்தின் மதிப்பில் கழிக்கும் தொகை. சில வருடங்களில் அந்தச் சொத்து புத்தகத்தில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். மெக்கானிக்குக்குத் தேய்மானம் என்றால் கையால் தடவிப் பார்க்கக்கூடிய ஒன்று. எந்த பேரிங்கை எங்கே வைப்பது, எந்த ஜாயின்ட்டை விடுவது என்று 1950களில் வரைபட மேசையில் எடுத்த முடிவுகள் எல்லாம் இன்று ஒரு ஆக்சிலின் பள்ளமாக அவர் விரலில் தட்டுப்படுகின்றன.

ஸ்பிட்ஃபயரைச் செய்த கம்பெனி இன்று இல்லை. 1968-ல் பிரிட்டிஷ் லேலண்டுக்குள் போய், 1975-ல் அரசு வசமாகி, 1980 ஆகஸ்டில் கோவென்ட்ரியின் கான்லி ஆலையில் கடைசி ஸ்பிட்ஃபயர் வெளிவந்தது. கணக்குப்படி அந்தக் கார்கள் எல்லாம் எப்போதோ பூஜ்யமாகிவிட்டன. ஆனால் ஒரு ஆள், ஒரு ஜாக்கி, சில வார இறுதிகள் இருந்தால் பிரித்துச் சேர்க்கக்கூடிய அளவுக்கு அவை எளிமையாக இருந்தன. அந்த எளிமைக்குக் காரணம் பணமின்மை. வளைவில் சக்கரம் மடங்கியதற்கும் காரணம் அதே பணமின்மைதான்.

கராஜில் படுத்திருப்பவர் இரண்டையும் அறிந்தவர். அதனால்தான் புது ஸ்பிரிங் போட்டு, கடைசி நட்டை இறுக்கி, காரை வெளியே எடுத்த பிறகும் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார், வளைவின் நடுவில் காலை எடுப்பதில்லை.